எம்பிராய்டரியில் சுருக்கு விழாமல் இருக்க, அடியில் என்ன வைக்கிறோம்?



ஸ்டெபிலைசர் என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும் டப்பாதான். கரண்ட் ஏறி இறங்கினாலும் பிரிட்ஜ் கெடாமல் பார்த்துக்கொள்ளும். எம்பிராய்டரி தொழிலிலும் ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. அதற்குக் கரண்ட் தேவையில்லை. துணிக்கு அடியில் வைக்கிற ஒரு மெல்லிய ஷீட், அவ்வளவுதான். ஊசி ஆயிரக்கணக்கான தடவை குத்தி நூலை இழுக்கும்போது துணி சுருங்காமல் அடியிலிருந்து அது தாங்கிக்கொள்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'பேக்கிங்' என்பார்கள்.

இந்த ஷீட்டைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். இது இல்லாததால் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு தையல் யூனிட் பட்ட கஷ்டத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நம் பகுதியில் தையல் வேலைக்குப் பஞ்சமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தார்கள். அதைச் சுற்றி எத்தனையோ உதிரிபாகக் கம்பெனிகள் வந்துவிட்டன. காலை ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்களைப் பாருங்கள். சட்டையிலும் டி-சர்ட்டிலும் தொப்பியிலும் ஏதாவது ஒரு கம்பெனி பெயர் நூலால் போட்டிருக்கும். அந்தப் பெயரை யாரோ ஒருவர் எங்கேயோ மெஷினில் போடுகிறார். அது ஏன் நம் பெண்களாக இருக்கக் கூடாது என்றுதான் நாங்களும் எம்பிராய்டரி பயிற்சி கொடுத்தோம், கடன் எடுத்து மெஷினும் வாங்க வைத்தோம்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்னால் எட்டுப் பேர் கொண்ட அந்த யூனிட்டுக்கு ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் ஆர்டர் வந்தது. 150 டி-சர்ட். நெஞ்சில் லோகோ போட்டுத் தர வேண்டும். டி-சர்ட் அவர்களுடையது. கூலி ஒன்றுக்கு 25 ரூபாய். எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி பகலாக வேலை செய்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தார்கள்.

நான்கு நாள் கழித்து 62 டி-சர்ட் திரும்பி வந்தது. லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி, கொப்புளம் மாதிரி நின்றது. "பக்கரிங் இருக்கு, கம்பெனியில எடுக்க மாட்டாங்க" என்றார் ஒப்பந்தக்காரர். இஸ்திரி போட்டபோது சமமாகத் தெரிந்தது, ஒரு தடவை தண்ணீரில் போட்டதும் சுருங்கிவிட்டது. டி-சர்ட் ஒன்றுக்கு 180 ரூபாய் வீதம் 11,160 ரூபாய் பிடித்தம். நல்லதாக இருந்த 88-க்குக் கூலி 2,200 ரூபாய். அதைக் கழித்தும், வேலை செய்த நம் பெண்கள் 8,960 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. ஆளுக்கு 1,120 ரூபாய்.

பணம் போனதைவிடப் பேச்சுதான் பெரிதாகிவிட்டது. "அவ கை சரியில்ல", "மெஷினே ராசி இல்ல" என்று மெஷின் ஓட்டிய சகோதரியின் மேல் எல்லாப் பழியும் விழுந்தது. அவர் இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. குழுவை விட்டே போகிறேன் என்றார்.

நாங்கள் போய் அந்த டி-சர்ட்டைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் தையலுக்குள் செய்தித்தாள் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஏம்மா பேப்பர் வெச்சீங்க?" என்று கேட்டோம். "டிரெய்னிங்ல அப்படித்தானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க!" என்றார்.

உண்மைதான். எங்கள் பயிற்சியில் பாப்ளின் துணியில் சின்னப் பூ போட்டுப் பழக்கினோம். அதற்குச் செய்தித்தாள் ஓரளவு தாங்கியது. டி-சர்ட் துணியில் போட்டுக் காட்டவே இல்லை. ஆகவே தவறு அந்தச் சகோதரியின் கையில் இல்லை, மெஷினிலும் இல்லை. துணி மாறியது, அடியில் வைப்பது மாறவில்லை. சொல்லித் தராதது எங்கள் தவறு. அதை இப்போது சரிசெய்கிறோம்.

சுருக்கு ஏன் விழுகிறது?

பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசகொசவென்று ஓரிடத்தில் சேர்கிறது அல்லவா? எம்பிராய்டரி நூலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கிறது. ஒரு லோகோவில் சில ஆயிரம் தையல் இருக்கும். அத்தனையும் சேர்ந்து இழுத்தால் துணி என்ன செய்யும்? சுருங்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது அடியில் உள்ள பேக்கிங்.

இரண்டாவது காரணம், பிரேமில் போடும்போது துணியை இழுத்து மாட்டுவது. டி-சர்ட் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். நீண்ட நிலையில் தைத்துவிட்டுப் பிரேமைக் கழற்றினால் துணி திரும்பச் சுருங்குகிறது. தையல் போட்ட இடம் சுருங்க முடியாது. அதனால் சுற்றிலும் அலை அலையாக நிற்கிறது.

மூன்றாவது, துவைக்கும்போது வருவது. துவைக்காத பருத்தித் துணி முதல் தடவை நனையும்போது சுருங்கும். பாலியஸ்டர் நூல் அப்படிச் சுருங்காது. ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் அங்கே மடிப்புத்தான் விழும்.

பேக்கிங்கில் நான்கு வகை

பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் அதை என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் பெயர்.

1. வெட்டுகிற பேக்கிங் (கட்-அவே): கையால் கிழித்தால் கிழியாது. வேலை முடிந்ததும் லோகோவைச் சுற்றிக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் விட்டு மிச்சத்தைக் கத்தரியால் வெட்ட வேண்டும். தையலுக்கு அடியில் இருப்பது அந்த உடுப்பு கிழியும் வரை கூடவே இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் தாங்கிக்கொண்டிருக்கும்.

2. கிழிக்கிற பேக்கிங் (டியர்-அவே): காகிதம் மாதிரி கிழியும். தைத்து முடித்ததும் கிழித்து எடுத்துவிடலாம். கிழிக்கும்போது ஒரு கை விரலால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கிழிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தையலும் கோணும். கிழித்த பிறகு தாங்கல் பெரும்பாலும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

3. கரைகிற பேக்கிங் (வாட்டர் சாலுபிள்): தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பார்க்கப் பிளாஸ்டிக் கவர் மாதிரி இருக்கும், துணி மாதிரியும் வருகிறது. இந்த யோசனை புதிதல்ல. 1880-களிலேயே ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கம் ஒரு துணியின் மேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு அடித்துணியை ரசாயனத்தில் கரைத்து, வெறும் நூல் வேலையை லேஸாக எடுத்து விற்றார்கள். இன்று நமக்குத் தண்ணீரே போதும். இதை ஈரக் கையால் தொடக் கூடாது. மழைக்காலத்தில் கவரில் போட்டு இறுக மூடி வைக்க வேண்டும்.

4. ஒட்டுகிற பேக்கிங் (பியூசிங்): ஒரு பக்கம் பசை இருக்கும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். இழுபடும் துணியைப் பிரேமில் மாட்டும் முன் இதை ஒட்டிக்கொண்டால் துணி நீளாது. வெட்டுகிற வகையிலும் கிழிக்கிற வகையிலும் பசை வைத்தது கிடைக்கிறது.

எந்தத் துணிக்கு எது?

முதலில் ஒரு சோதனை. துணியை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நீண்டுபோய்த் திரும்பி வருகிறதா? அப்படியானால் வெட்டுகிற பேக்கிங். நீளாமல் கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் கிழிக்கிற பேக்கிங் போதும். இந்த ஒன்றை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

டி-சர்ட், பனியன் துணி, விளையாட்டு உடை: திருப்பூரிலிருந்து வருகிற இந்த மாதிரிப் பின்னல் துணி எல்லாமே இழுபடும். வெட்டுகிற பேக்கிங் கட்டாயம். கிழிக்கிறதை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு நன்றாக இருக்கும், துவைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

யூனிபார்ம் சட்டை, பேன்ட், ஓவர்கோட்: டிரில், காட்டன் போன்ற நெய்த துணிக்குக் கிழிக்கிற பேக்கிங் போதும். லோகோ முழுவதும் நூலால் நிரப்பியிருந்தால் இரண்டு ஷீட் வையுங்கள், அல்லது வெட்டுகிற வகைக்கு மாறுங்கள். மெல்லிய வெள்ளைச் சட்டையில் கெட்டி பேக்கிங் வைத்தால் வெளியே சதுரமாகத் தெரியும். அதற்கு 'மெஷ்' என்று கேட்டால் வலை மாதிரி மெல்லியதாக, வெட்டுகிற வகையில் கிடைக்கும்.

தொப்பி: முன்பக்கம் ஏற்கெனவே விறைப்பான துணி வைத்திருப்பார்கள். கிழிக்கிற பேக்கிங் போதும்.

துண்டு: அடியில் கிழிக்கிற பேக்கிங். மேலே ஒரு ஷீட் கரைகிற பிலிம். மேலே எதற்கு என்றால், துண்டின் நூல் வளையங்கள் தையலுக்கு நடுவே எட்டிப் பார்க்காமல் அமுக்கி வைக்க. முடிந்ததும் பிலிமைக் கிழித்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் அலசினால் போய்விடும்.

பட்டு ரவிக்கை: காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வேலை நமக்கு அடிக்கடி வரும். பட்டிலும் ஜரிகையிலும் தண்ணீர்க் கறை படியும். ஆகவே கரைகிற வகை வேண்டாம். மெஷ் வைத்து, துணியைத் தைக்கும் முன்பே, அதாவது ரவிக்கையாக வெட்டுவதற்கு முன்பே எம்பிராய்டரி போடுங்கள். பிரேம் தடம் விழாமல் இருக்க வளையத்தில் பருத்தித் துணிப் பட்டை சுற்றிக்கொள்ளுங்கள்.

நெட், ஆர்கன்சா: அடியில் எது வைத்தாலும் வெளியே தெரியும். இதற்குத்தான் கரைகிற பேக்கிங். ஆனால் அந்தத் துணி தண்ணீரில் போடக்கூடியதுதானா என்று ஒரு துண்டில் முதலில் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கனம்?

பேக்கிங் கனத்தை 'ஜிஎஸ்எம்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் ஷீட் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. வெட்டுகிற வகையில் 50 ஜிஎஸ்எம் என்றால் மெல்லியது. 80, 85 நடுத்தரம். 100-க்கு மேல் கெட்டி. டி-சர்ட் லோகோவுக்குப் பொதுவாக 80, 85 ஒரு ஷீட் சரியாக வரும். வெறும் எழுத்து, கோடு மட்டும் என்றால் அதைவிட மெல்லியது போதும். முழுக்க நிரப்பிய பெரிய டிசைன் என்றால் கெட்டியாக வேண்டும். துணி மெல்லியதாக இருந்து டிசைன் கனமாக இருந்தால், அந்த டிசைன் இந்தத் துணிக்கு வேண்டாம் என்று ஆர்டர் கொடுப்பவரிடமே சொல்லிவிடுவது நல்லது.

கடையில் கேட்கும்போது ஒரு விஷயம். வெறுமனே 'பேக்கிங் பேப்பர்' என்று கேட்டால் பார்சல் கட்டும் காகிதத்தை எடுத்துப் போடுவார்கள்! "எம்பிராய்டரிக்கு அடியில வைக்கிறது, கட்-அவே" என்று சேர்த்துக் கேளுங்கள். சென்னை பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் மொத்தக் கடைகளில் மீட்டர் கணக்கிலும் ரோல் கணக்கிலும் வாங்கலாம். மூன்று நான்கு யூனிட் சேர்ந்து ஒரு ரோல் வாங்கிப் பிரித்துக்கொண்டால் விலை குறையும்.

பிரேம் போடும் முறை

பேக்கிங் பிரேமை விட நான்கு பக்கமும் ஒரு அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். துணியோடு சேர்ந்து அதுவும் வளையத்தில் மாட்ட வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று சின்னத் துண்டை அடியில் செருகினால் அது தாங்காது, நகர்ந்துபோகும்.

டி-சர்ட்டை மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, இழுக்காமல் வளையத்தை அமுக்குங்கள். திருகை முதலிலேயே சரியான அளவுக்கு முடுக்கிக்கொள்ளுங்கள். வளையம் மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. நம்மில் பலர் செய்கிற தவறு இதுதான். சட்டைத் துணி, டிரில் மாதிரி நெய்த துணி விறைப்பாக இருக்கலாம். ஆனால் அதுவும் இழை கோணாமல் நேராக இருக்க வேண்டும்.

பேக்கிங் சரி, ஆனாலும் சுருக்கு விழுகிறதா?

அப்போது மற்றதைப் பாருங்கள்.

நூல் டென்ஷன்: பட்டையான தையலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இரண்டு பக்கமும் மேல்நூலும் தெரிந்தால் சரி. பின்பக்கம் பாபின் நூல் மட்டுமே தெரிந்தால் மேல்நூல் டென்ஷன் அதிகம், தளர்த்துங்கள்.

பாபின் சுற்றுவது: பாலியஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் நூல் நீண்டுபோய்ச் சுற்றிக்கொள்ளும். தைத்த பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்பித் துணியை இழுக்கும். நிதானமாகச் சுற்றுங்கள்.

டிசைன்: கம்ப்யூட்டர் மெஷினில் பெரிய டிசைனை அப்படியே சின்னதாக்கினால் சில மெஷினில் தையல் எண்ணிக்கை குறையாது. அதனால் தையல் நெருக்கமாகிவிடும். சாதாரண எம்பிராய்டரி நூலுக்கு வரிக்கு வரி 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வழக்கம். டிசைன் போட்டுத் தருகிறவரிடம் "இது டி-சர்ட்டுக்கு" என்று துணியைச் சொல்லியே கேளுங்கள்.

ஊசி: பின்னல் துணிக்கு முனை உருண்ட 'பால் பாயின்ட்' ஊசி. நெய்த துணிக்குக் கூர் ஊசி. மழுங்கிய ஊசியை அன்றே மாற்றுங்கள்.

செய்தித்தாள், காலண்டர் தாள், காலர் கேன்வாஸ்

"பேப்பர் சும்மா கெடைக்குதே" என்று கேட்கிறீர்கள். செய்தித்தாள் ஊசி குத்தக் குத்த ஓட்டையாகி, டிசைன் பாதி வரும்போதே கிழிந்துவிடும். பிறகு தாங்க ஒன்றுமில்லை. மையும் வெள்ளைத் துணியில் ஒட்டும். காலர் கேன்வாஸ் வைத்தால் நெஞ்சில் அட்டை வைத்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். போட்டுக்கொள்பவருக்கு உறுத்தும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமுள்ள பேக்கிங் ஒரு மீட்டர் வாங்கினால், 20 சென்டிமீட்டர் சதுரமாக 25 துண்டு வரும். அந்த 150 டி-சர்ட்டுக்கு 6 மீட்டர் போதும். நாங்கள் விசாரித்த கடையில் அன்று மீட்டர் 60 ரூபாய். மொத்தம் 360 ரூபாய். டி-சர்ட் ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு. அந்த 360 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் 8,960 ரூபாய் கட்டினோம். கடைக்குக் கடை விலை மாறும், நீங்கள் வாங்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டு, அதைக் கூலியோடு சேர்த்தே கேளுங்கள். பேக்கிங் செலவு நம் கையிலிருந்து போகக் கூடாது.

ஆர்டர் எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

• என்ன துணி என்று நேரில் பார்த்து, இழுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். போனில் மட்டும் கேட்டு விலை சொல்லாதீர்கள்.

• சாம்பிளுக்கென்று இரண்டு டி-சர்ட் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

• ஒன்றில் லோகோ போட்டு, துவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போடாமல் பாருங்கள். இஸ்திரி சுருக்கை மறைத்துவிடும்.

• சரியாக வந்த சாம்பிளை ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒன்றை யூனிட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

• சேதமானால் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தீர்மான நோட்டிலும் பதிவு செய்யுங்கள்.

• முதல் பத்து உருப்படி முடிந்ததும் நிறுத்தி, எட்டுப் பேரும் பாருங்கள். 62-ல் தெரிந்தது பத்திலேயே தெரிந்திருக்கும்.

அந்த யூனிட் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பணத்தை உள்கடனாக எடுத்துக் கட்டி முடித்துவிட்டார்கள். பொங்கலுக்கு முன் இன்னொரு டி-சர்ட் ஆர்டர், இந்தத் தடவை 80 உருப்படி. வெட்டுகிற பேக்கிங் வைத்துப் போட்டார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. குழுவை விட்டுப் போகிறேன் என்ற சகோதரிதான் மெஷின் ஓட்டினார். கூட்டத்தில் மற்றவர்கள் அவரிடம், "அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சுக்காத" என்றார்கள். அவர் திரும்பச் சொன்னது: "பேசினது போகட்டும். அடுத்த தடவ ஏதாவது கெட்டா, முதல்ல துணியத் திருப்பிப் பாருங்க. அப்புறம் ஆளத் திட்டுங்க."

எங்களுக்கும் அதுவே பாடம். இனிமேல் எங்கள் பயிற்சியில் பாப்ளின், டி-சர்ட், துண்டு, பட்டு நான்கிலும் போட்டுக் காட்டாமல் யாருக்கும் பயிற்சி முடிந்ததாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முன்பு பயிற்சி எடுத்தவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, உங்களிடம் இருக்கும் துணியில் ஒரு சாண் துண்டு கொண்டு வாருங்கள். அதற்கு எந்த பேக்கிங் என்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.